நக்கிப் பாத்துட்டுச் சொல்லு

பாத்திமா, யூசுப், போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் கேம்ப் மிஸ்ஸுக்காக அடித்துக்கொண்டீர்கள். அவருக்குக் குட்டை முடி என்று யூசுப். இல்லவே இல்லை, பெரிய கொண்டை என்று பாத்திமா. நடுவில் குழம்பு ஆறிப்போனதுதான் மிச்சம். உங்கள் அத்தாவான நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனுக்கு முன்னாலும் தெரியும், கண்ணாடியில் பின்னாலும் தெரியும். ஆகவே தீர்ப்பு இதுதான்: குட்டை முடி. கொண்டை மாதிரி தெரிந்தது தலையில் கட்டியிருந்த ஈரத் துண்டு. யூசுப் ரொம்பக் குதிக்க வேண்டாம். அவன் சீட்டுக்கு அடியில் ஒளிந்த கதையும் இதில் வருகிறது.

அந்த மிஸ்ஸின் பேரை எழுதப்போவதில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் இதைப் படித்தால், "இத நீங்களே பாத்தீங்களா, இல்ல எவனாவது சொன்னானா?" என்று வரிக்கு வரி நிறுத்திக் கேட்பார். அந்தத் தலைவலி எனக்கு எதுக்கு?

உங்களைத் தவிர வேறு பிள்ளைகள் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். அந்த வருஷம் மே மாதம் ஸ்கூல் லீவு, வேன் சும்மா நின்றது. சேலையூர் பக்கம் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் பிள்ளைகளுக்கு வரலாறு கேம்ப் நடத்துகிறார்கள், எல்லாவற்றையும் கையால் செய்து பார்க்கிற கேம்ப், அனகாபுத்தூர், பம்மல், குரோம்பேட்டைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்கள். கூடவே என் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் என்ன நினைத்தேன்? அட்டையில் கோட்டை செய்வார்கள், தெர்மோகோலில் கோபுரம் செய்வார்கள், கடைசி நாள் எல்லாரும் கத்தியைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். லீவு ஓடிவிடும்.

முதல் நாள் வேனை நிறுத்தினேன். கேட் பக்கத்தில் ஒரு அம்மா, டிராக் பேண்ட், ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. நாக்கை நீட்டி அதன்மேல் எதையோ வைத்துக்கொண்டு நின்றார். பூசாரியோ என்னவோ என்று நினைத்தேன். அதை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணா, வாயைத் திறங்க."

ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திறந்துவிட்டேன். நாக்கில் அந்தத் துண்டை வைத்துவிட்டார்.

"ஒட்டுதா?"

"ஒட்டுது."

"அப்ப எலும்பு. கல்லுன்னா ஒட்டாது, வழுக்கும். பாத்தீங்களா பசங்களா, அண்ணா நாக்கு சொல்லுது."

"என்ன எலும்பும்மா?"

"நாய் தோண்டிப் போட்டது. ஆடா மாடா வேற எதாவதான்னு இன்னும் தெரியல."

நான் தாம்பரம் பாலம் ஏறி இறங்குகிற வரை துப்பிக்கொண்டே போனேன். ஹலாலா இல்லையா என்று கேட்கிற அளவுக்குக்கூட எனக்கு அவகாசம் தரவில்லை அந்த அம்மா. அடுத்தது யாருடைய நாக்கு என்று அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் யூசுப் சீட்டுக்கு அடியில் போனான். அங்கிருந்து அவனை இழுத்தெடுக்க ஒரு பாக்கெட் பிஸ்கட் ஆனது.

நாக்கு என்பது ஒரு அடையாளம்தான். நீங்கள் எதைச் சொன்னாலும், அது புத்தகத்தில் இருந்தாலும், கலெக்டரே சொல்லியிருந்தாலும், "நக்கிப் பாத்தியா?" என்பார். செய்து பார்த்தாயா, தொட்டுப் பார்த்தாயா என்று அர்த்தம். பாட்டிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர் கண்டுகொள்ளவே மாட்டார். நாலு பேர் முன்னால் நாசூக்காகப் பேசினாலும் குஷி வந்துவிட்டால் போதும், பக்கா மெட்ராஸ் பாஷை வந்துவிடும். "இன்னா பாத்துகினு கீற? எறங்குடா உள்ள!"

ஒரு அப்பா தன் பையனுக்கு ராஜா வேஷம் போட்டே கூட்டிவந்தார். ஜிகினா கிரீடம், பட்டு வேட்டி, இடுப்பில் வாள், மார்பில் எட்டு முழத்துக்குச் சங்கிலி. அந்த அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும், பையனுக்குப் பட்டாபிஷேகமே முடிந்த மாதிரி. மிஸ் கையைக் கூப்பி, "ராஜா வாங்க, மம்பட்டி அந்தப் பக்கம் இருக்கு" என்றார். பிறகு தலையைச் சாய்த்து யோசித்தார்.

"பசங்களா, ஒரு டவுட்டு. ராஜாவுக்கு அவசரமா ஒண்ணுக்கு வந்தா இந்த டிரெஸ்ஸ அவுத்து முடிக்க எவ்ளோ நேரமாகும்?"

அவ்வளவுதான். காலை முழுக்க அதே ஆராய்ச்சி. ஒரு கோஷ்டி வாளைக் கழற்றியது, ஒரு கோஷ்டி சங்கிலியைக் கழற்றியது, ஒருத்தி வாயால் ஒன்று இரண்டு எண்ணினாள். ராஜா பாவம், நிஜமாகவே அவசரம் வந்து, கிரீடத்தோடு ஓடினார். ராஜாவோடு யாராவது இரண்டு பேர் எப்போதும் இருந்திருக்க வேண்டும், தனியாக முடியாது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

சாயங்காலம் அந்த அப்பா வந்து குதித்தார். "இதுவா மேடம் வரலாறு?"

"சார், ராஜா எத்தன போர் ஜெயிச்சாருன்றது எல்லா புக்குலயும் இருக்கு. இது ஒண்ணுலயும் இல்ல. அதான் செஞ்சு பாத்தோம்."

அவர் மறுநாளிலிருந்து பையனை அனுப்ப மாட்டார் என்றுதான் நினைத்தேன். அனுப்பினார். அரை டவுசரில்.

நம் வீட்டுக்கு அவர் வந்ததும் ஞாபகம் இருக்கட்டும். அனகாபுத்தூரில் ஆறு உள்ளே வந்த வருஷம் நம் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருந்தது. உங்கள் அம்மா அதைப் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு கோட்டிங் பச்சை பெயிண்ட் அடிக்க வைத்தாள். வேனில் பேச்சுவாக்கில் பாத்திமா இதைச் சொல்லித் தொலைத்தாள். மறுநாள் வேன் நிறையப் பிள்ளைகளோடு மிஸ் வாசலில் நிற்கிறார், கையில் சுரண்டுகிற தகடு.

"அக்கா, கோடு எந்த உயரம்?"

உங்கம்மா தோளைக் காட்டினாள்.

"நிஜமாவா? கதவுகிட்ட நிக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க இடுப்புன்னு சொல்றாங்களே."

"அவங்க என் வூட்டுக்குள்ள வந்து பாத்தாங்களா?" உங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதத்தான்க்கா நானும் கேக்கறேன். கொஞ்சூண்டு சுரண்டிப் பாத்துடலாமா?"

பெயிண்டைச் சுரண்ட விட்டுவிட்டு உங்கம்மா அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். பச்சைக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் அந்தப் பழுப்புக் கோடு. தோளும் இல்லை, இடுப்பும் இல்லை, நெஞ்சு உயரம். உங்கம்மா வந்து அதன் பக்கத்தில் நின்று பார்த்தாள். "எனக்குத் தோள் வரைக்கும்தான் ஞாபகம்" என்றாள். மிஸ் துண்டால் சுவரைத் துடைத்துவிட்டு, டீ இருந்தால் கொடுங்க என்றார். இன்றைக்கும் பீரோவுக்குப் பின்னால் அந்த இடம் பெயிண்ட் இல்லாமல் இருக்கிறது. பீரோவை அங்கே நகர்த்தியது உங்கம்மாதான்.

அவர் எல்லா நேரமும் சிரிப்புக் காட்டினார் என்று நினைக்காதீர்கள். பாத்திமா, நீ ஒரு பானை செய்தாய். மூன்று தரம் உடைந்து நாலாவது நின்றது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், "நல்லா இருக்கா மிஸ்?" என்றாய்.

"கேவலமா இருக்கு" என்றார் அவர். "ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் அப்பளம். சூளையில வெச்சா வெடிக்கும்."

வெடித்தது. வேனில் நீ உடைந்த சில்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சின்னப் பொண்ணும்மா. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?"

"அண்ணா, இன்னிக்கு நான் பொய்யா சொல்லிட்டா, நாளைக்கி நிஜமாவே நல்லா செய்வா, அப்ப நல்லா இருக்குன்னு சொன்னா நம்புவாளா?"

அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேனை ஓட்டினேன். இப்படித்தான் குரோம்பேட்டையில் ஒரு ஸ்கூலில் டீச்சர் வேலையில் அவரை நிற்க விடவில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பாடம் பார்க்க வந்த ஒரு பெரியவர் ஏதோ ஒரு கதையைப் பிள்ளைகளிடம் வரலாறு என்று சொல்ல, இவர் பின் பெஞ்சிலிருந்து கையைத் தூக்கியிருக்கிறார். "சார், இது உங்களுக்கு யார் சொன்னது?"

அதற்கப்புறம் அவருக்குக் கிடைத்த ஒரே இடம் இந்த ஹால். அதுவும் அந்த ஒரு லீவுக்கு மட்டும். கடைசி நாள் ஹால் கமிட்டிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பிடித்திருந்தால் அடுத்த வருஷமும் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதைக் கமிட்டி செயலாளர்தான் பேசி வாங்கிக் கொடுத்தார். ரிட்டயர் ஆன மனிதர், பேண்ட் இஸ்திரி கலையாமல் நடப்பவர், தங்கமானவர். அவருடைய இரட்டைப் பேத்திகளும் கேம்பில் இருந்தார்கள். "இதுவும் போச்சுன்னா கேம்புக்கு வேற எடம் கெடயாதுண்ணா" என்று மிஸ் ஒருநாள் டீக்கடையில் என்னிடம் சொன்னார். அவர் சிரிக்காமல் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்படிப்பட்டவர் கமிட்டிக்குக் காட்ட எதை எடுத்துக்கொண்டார்? பாட்டு, நடனம்? இல்லை. கிணறு.

அந்தக் காலத்தில் உறைகிணறு எப்படி இறக்கினார்கள் என்று செய்து பார்ப்பதாம். தரையில் ஒரு வளையத்தை வைத்து, அதற்குள்ளே இறங்கி மண்ணை எடுக்க எடுக்க வளையம் தானாகக் கீழே இறங்கும். அதன் தலையில் அடுத்த வளையம். சுட்ட மண்ணில் வளையம் செய்து பார்த்தார்கள், எல்லாம் விரிசல் விட்டது. கடைசியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் செப்டிக் டேங்குக்கு விற்கிற சிமெண்ட் உறையைத்தான் ஏற்றிவந்தோம். "கக்கூஸ் உறை" என்று பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "அத ஒளிக்க வேணாம், யார் கேட்டாலும் சொல்லிடுங்க" என்றார் மிஸ்.

பெரியவர்கள் குழிக்குள் இறங்கி வெட்டினோம், பிள்ளைகள் கயிற்றில் வாளி கட்டி மண் இழுத்தார்கள். மே மாத வெயில். உறை இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்கு ஒரு கூச்சல். ஆள் உயரம் இறங்கியாகிவிட்டது. மண் காய்ந்துதான் கிடந்தது. செயலாளர் தினமும் வந்து குனிந்து பார்ப்பார். "தண்ணி வந்துடும் இல்லம்மா? கமிட்டில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"தெரியல சார்."

"வரும்னு ஒரு நம்பிக்கையாவது..."

"தோண்டினாத்தான் சார் தெரியும்."

கடைசி நாள் காலை நான் வேனை நிறுத்துவதற்குள் இரட்டைப் பேத்திகள் ஓடிவந்தார்கள். "தண்ணி வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!" வேன் கதவை நான் திறக்கவில்லை, அதுவே திறந்துகொண்டது. போய்ப் பார்த்தால் உள்ளே கணுக்கால் அளவுக்குப் பளபளவென்று தண்ணீர். வானம் தெரிகிறது. யூசுப் என் கழுத்தில் ஏறிவிட்டான். ராஜா வேஷம் போட்ட பையன் தரையில் உருண்டான். நானும் விசில் அடித்தேன், ஏன் பொய் சொல்ல?

மிஸ் ஏணியைப் போட்டு இறங்கினார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். அண்ணாந்து பார்த்தார். மேலே வட்டமாகப் பிள்ளைகளின் தலைகள், எல்லா வாயும் திறந்திருந்தது. அவர் கீழேயே நின்றார். 

ஏறி வந்ததும் செயலாளர் பக்கத்தில் வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது. "கொழந்தைங்க மூஞ்சியப் பாருங்கம்மா. அப்படியே விட்டுடுங்க. கமிட்டி கெளம்பிட்டாங்க. அடுத்த வருஷம் ஹால் உங்களுக்குத்தான்."

அவருடைய இஸ்திரி போட்ட பேண்ட் முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க ரொம்ப நல்லவரு சார்" என்றார் மிஸ். பிறகு ஒரு மக்கில் கயிற்றைக் கட்டித் தண்ணீரை மொண்டு பிள்ளைகள் நடுவில் வைத்தார். "ஒரு சொட்டுதான். நாக்குல வெச்சுட்டுத் துப்பிடணும். அப்புறம் சொல்லுங்க."

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் தண்ணீர் தண்ணீர்தானே என்று சொல்லியிருப்பார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளிடமா? போர் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீரில் டேங்க் வாடை, பாலாற்றுத் தண்ணீரில் மருந்து வாடை, கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார்கள். யூசுப்தான் முதலில் வைத்தான்.

"மிஸ், இது கேன் தண்ணி."

"போடா!" என்று பாத்திமா அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தானும் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே விழுந்தது. மக் சுற்றிவந்தது. ஒவ்வொரு முகமாக விழுந்தது. பேத்திகளில் ஒருத்தி சப்புக்கொட்டி, "எங்க வீட்டுக் கேன் மாதிரியே இருக்கு தாத்தா!" என்றாள். செயலாளர் மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் மரமே இல்லை.

பாத்திமா விரலை நீட்டினாள். "மிஸ், தாத்தா பேண்ட்..."

"ஈரமா கீது. அது எல்லாருக்கும் தெரியும். வேற இன்னா தெரியும்?"

"தாத்தாதான் ஊத்தி..."

"ஊத்தும்போது நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப பேண்ட் ஈரம். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து சொல்லக் கூடாது."

இதற்குள் கமிட்டி வந்துவிட்டது. வெள்ளைச் சட்டைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாழ்த்துரை. பேச வேண்டியது பாத்திமா. அவள் மிஸ்ஸைப் பார்த்தாள், மிஸ் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஆள் உயரம் தோண்டினோம்" என்றாள் பாத்திமா. "உறை கக்கூஸ் உறை. தண்ணி வரல. உள்ள இருக்கிற தண்ணி கேன் தண்ணி. யார் ஊத்தினாங்கன்னு தெரியாது. யார் பேண்டு ஈரம்னு தெரியும், ஆனா அத சொல்லக் கூடாது."

கமிட்டித் தலைவர் எழுந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தண்ணீரும் மண்ணில் இறங்கிவிட்டது. சேறுதான் இருந்தது. "ஏம்மா, தோண்டினீங்க, வரல. இதுக்கு ஒரு விழாவா?"

"ஆமா சார்" என்றார் மிஸ்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. எல்லாரும் டீ குடிக்க ஹாலுக்குள் வந்ததும், அடுத்த வருஷம் ஹாலில் ரிப்பேர் வேலை இருக்கிறது, யாருக்கும் கொடுக்கிற மாதிரி இல்லை என்றார்.

நாகரிகமான பதில். நானாக இருந்தால் சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். "எந்த எடத்துல சார் ரிப்பேர்?" என்று கேட்டார் இந்த அம்மா. பிள்ளைகள் எல்லாரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். ஒரு விரிசலாவது கிடைக்காதா என்று பாவம் நாலு மூலையும் தேடினார். போன வருஷம்தான் புதுசாகப் பூசிய கூரை அது.

ஹால் அத்தோடு போனது.

மிஸ் சட்டி பானையெல்லாம் மூட்டை கட்டும்போது செயலாளர் தயங்கித் தயங்கி வந்தார். "என்னாலதாம்மா..."

"சார், நான் உங்கள ஒண்ணுமே கேக்கலியே" என்று மிஸ் அவர் வாயை அடைத்துவிட்டார். ஒரு பானையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இது உங்க பேத்திங்க செஞ்சது. கேவலமா இருக்கு, பத்திரமா வெச்சுக்குங்க."

பிறகு பிள்ளைகளிடம் ஒரு வார்த்தைகூட உருக்கமாகப் பேசவில்லை. யாரோ ஒரு பெண் அழுததற்கு, "அழுவாத, மூக்கத் தொடை" என்றதோடு சரி. என்னிடம் வந்து, "அண்ணா, பள்ளத்த மூடிடுங்க, யாராவது வுழுந்து வெக்கப் போறாங்க" என்றார். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு இடம் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நேரில் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது வேனில் பாத்திமா கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? "இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தா வந்திருக்குமா அத்தா?" வந்திருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. உன்னைச் சமாதானப்படுத்த அதுதான் சுலபம். கியரை மட்டும் மாற்றினேன். பின்னால் பிள்ளைகள் வரும், வராது என்று பல்லாவரம் வரை சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் குழியை மூட நான் மட்டும் போனேன். காம்பவுண்டில் யாரும் இல்லை. மண்குவியல் பக்கத்தில் நின்று மம்பட்டியைத் தூக்கினேன், தள்ள மனம் வரவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு ஏணி போட்டு இறங்கினேன். சேற்றை வாரி வாளியில் நிரப்பி, மேலே ஏறிக் கொட்டிவிட்டு மறுபடி இறங்கினேன். அப்புறம் வெட்டினேன். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. கை விரலெல்லாம் அதிர்ந்தது. சுற்றிலும் தட்டிப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் அதே சத்தம். பாறை.

குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையால் ஒதுக்கினேன். கருப்பாக, வழவழப்பாக இருந்தது. ஈரம் இல்லை. ஆனால் அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தேன். பிறகு ஏறிவந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தேன்.